கடன் அடைஞ்ச நாப்பத்தியோராம் நாள்

மொதல்ல எழுத்துக்கூலி எவ்வளவுன்னு சொல்லிப்போடுங்ணா. எழுதி முடிச்ச பொறவு நூறுன்னு கேட்டா நான் சண்டை போடுவேன், உங்களுக்குச் சங்கடமாயிரும். எம்பதுங்களா? அக்கட்டால, கலெக்டர் ஆபீஸ் கேட்டுக்குப் பக்கத்துல குடை வெச்சு உக்காந்திருக்காரே, அவரு அறுபதுதான் கேக்கறாரு. ஆனா மூணு பேத்துக்கு ஒரே மனுவ எழுதி, பேரை மட்டும் மாத்திக் குடுக்கறாரு. நான் அரை மணி நேரம் நின்னு பாத்துட்டுத்தான் இங்க வந்தேன். நீங்க கேட்டுக் கேட்டு எழுதறீங்க. எழுபது குடுக்கறேன், சரிங்களா? சரி.

எம்பேரு நாகமணி. வயசு நாப்பத்தொம்போது. வீட்டுக்காரரு பேரு அர்த்தநாரி. காலஞ்சென்றனு முன்னாடி போட்டுக்குங்க. இருபத்திநாலு வருசம் குடும்பம் நடத்தி ஒரு நாளும் அவரு பேரை வாயால சொன்னதில்ல. இந்த ரெண்டு மாசத்துல ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கி, சொல்லிச் சொல்லி இப்பக் கூச்சமே போயிருச்சு.

பொருள்ங்கற எடத்துல என்ன எழுதட்டும்னு கேக்கறீங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் தாலியறுத்தவளை ஏமாத்திப்போட்டான்னு எழுதுங்க. அப்படியெல்லாம் எழுதக் கூடாதுங்களா? சரி, உங்க பாசையில எழுதிக்குங்க. காப்பீட்டுத் தொகை வழங்கக் கோருதல். நல்லாத்தான் இருக்குது. எம்பட ஆத்திரம் அதுல தெரியல, பரவால்ல.

சுருக்கமா சொல்லோணும்னா இவ்வளவுதான். வீட்டுக் கடனை முன்னாடியே கட்டி முடிச்சோம். முடிச்ச நாப்பத்தியோராம் நாளு அவரு போயிட்டாரு. கடனோட சேந்து ஒரு பாலிசி இருந்துச்சு. அதை நான் சரண்டர் பண்ணாம வெச்சிருந்தா எட்டு லட்சத்து எண்பத்தெட்டாயிரம் எங்கைக்கு வந்திருக்கும். சரண்டர் பண்ணினதுக்கு வந்தது ஒம்பதாயிரத்து அறுநூறு. அந்தப் பணத்தைத் தொடல, இதா, பையிலயே இருக்குது. வேணும்னா எண்ணிப் பாத்துக்கட்டும். இதை அவங்க எடுத்துக்கட்டும், அந்த எட்டு லட்சத்தை எனக்குக் குடுக்கட்டும். இதுல என்ன தப்பு இருக்குதுங்க? ஆனா நேராப் போயிக் கேட்டா சிரிக்கறாங்க. அதனாலதான் கலெக்டரம்மாகிட்ட வந்தேன். டோக்கன் நூத்தி நாப்பத்தேழு. இப்ப எம்பதுதான் ஓடுது, நேரம் இருக்குது. மொதல்ல இருந்து சொல்றேன், எது வேணுமோ அதை எழுதிக்குங்க.

கல்யாணமாகி பதினாலு வருசம் வாடகை வீடு. கடைசியா இருந்த வீட்டுக்காரம்மா, நான் தண்ணி எடுக்கறப்ப மாடிப்படியில நின்னு குடத்தை எண்ணும். ஆறாவது குடம் நெறஞ்சா மோட்டரை நிறுத்திப்போடும். எம்பட பொண்ணு மோனிஷா பெரிய மனுசி ஆனப்ப ஒரம்பரை சனம் பத்துப் பேரு வந்தாங்க. வந்தவங்க முன்னாடியே, யாரைக் கேட்டு இத்தன பேத்தை வரச் சொன்னீங்கன்னு வாசல்ல நின்னு அந்தம்மா சத்தம் போட்டுச்சு. எங்கூட்டுக்காரரு பேச மாட்டாரு. சாயப்பட்டறையில பாய்லர் ஓட்டற வேலை, நாள் முழுக்க அந்தச் சத்தத்துல நின்னு நின்னு வீட்டுல வாயே திறக்க மாட்டாரு. நான்தான் சொன்னேன், இனி நமக்குன்னு ஒரு வீடு, எவளும் எம்பட குடத்தை எண்ணக் கூடாது.

எங்கப்பா போட்ட நகைய வித்து மூணு சென்ட் எடம் வாங்குனோம். மேல கட்டறதுக்குப் பன்னெண்டு லட்சம் கடன். இருபது வருசம். மாசம் பதினோராயிரத்துத் தொள்ளாயிரத்து எம்பது. கையெழுத்துப் போட்ட அன்னைக்கு பேங்க்ல ஒரு தாள் குடுத்தாங்க. அதுல கடைசி வரியில, மொத்தம் கட்ட வேண்டியதுன்னு போட்டு இருபத்தெட்டு லட்சத்து எழுபத்தஞ்சாயிரம். பன்னெண்டு வாங்கி இருபத்தெட்டே முக்கால் கட்டறதா? அங்க இருந்த ஒரு பொண்ணு சொல்லுச்சு, கையில சேர்றப்பெல்லாம் அசல்ல கட்டுங்கக்கா, வருசம் கொறைஞ்சுட்டே வரும்னு. அந்த ஒரு வார்த்தைய நான் புடிச்சுக்கிட்டேன். அந்தத் தாளைக் கொண்டாந்து சமையக்கட்டுல அடுப்புக்கு மேல ஒட்டி வெச்சேன். அடுப்பு பத்த வெக்கறப்பெல்லாம் அதப் பாப்பேன்.

அன்னைக்கேதான் இன்சூரன்ஸுன்னு முப்பத்தெட்டாயிரம் கடன்லயே சேத்துப் புடிச்சுக்கிட்டாங்க. கடன் வாங்கினவருக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா மிச்சத்தை அவங்களே கட்டிக்குவாங்களாம். எனக்கு அது புடிக்கவே இல்ல. வீடு கட்டற நல்ல காரியத்துல சாவைப் பத்தி என்ன பேச்சு? அவருதான், இருந்துட்டுப் போகட்டும் நாகுன்னாரு. என்னைய நாகுன்னுதான் கூப்புடுவாரு.

அப்புறம் ஆரம்பிச்சேன். அவரு சம்பளம் அன்னைக்குப் பத்தொம்பதாயிரம். ஓவர்டைம் பாத்தா நாலாயிரம் சேரும். மாசக் கட்டு போக, அசலுக்குன்னு நாலாயிரம் தனியா எடுத்து வெச்சிருவேன். மிச்சத்துலதான் மூணு உசிரு சீவனம். நானும் சும்மா இருக்கல. துண்டுக்கு நுனியில முடிச்சுப் போடற வேலை, நூறு துண்டுக்கு அறுபது ரூபா. வெரலு நுனியைப் பாருங்க, இப்பவும் தடிச்சுக் கெடக்கும்.

சும்மா ஒண்ணும் பத்து வருசத்துல இருபது வருசக் கடன் அடையறதில்லீங்ணா. ரேசன் அரிசிதான் பொங்கித் தின்னோம். பருப்புக் கொழம்பு வாரத்துக்கு ரெண்டு நாளு. அரை லிட்டர் பால் வாங்கிட்டு இருந்ததைக் கால் லிட்டர் ஆக்கினேன். நோம்பி பண்டிகைக்கு ஒருக்கா கறி. சிலிண்டரை எழுபது நாள் ஓட்டுவேன். எங்க லைன்ல யாருமே நம்ப மாட்டாங்க. அவரு வேலை விட்டு வர்ற வழியில டீக்கடை ஒண்ணு, பட்டறைக்காரங்க எல்லாம் அங்கதான் நிப்பாங்க. ஒரு டீ பன்னெண்டு ரூபா. மாசத்துக்கு முந்நூத்தி அறுபது, வருசத்துக்கு நாலாயிரத்துச் சில்லறை. அதை மட்டும் நிறுத்திக்குங்கன்னேன். நிறுத்திட்டாரு. அவருகூட வேலை செஞ்ச குப்புராஜுங்கற பையன் எழவு வீட்டுல வந்து அழறான். அண்ணன் டீ குடிக்க மாட்டாரு, ஆனா தெனமும் கடைக்கு வந்து எங்ககூட நின்னு பேசீட்டுப் போவாரு, நாங்க வாங்கித் தர்றம்னாலும் கையெடுத்துக் கும்புட்டுட்டு வேண்டாம்பாருன்னு. எனக்கு அது தெரியாதுங்க. டீ குடிக்காம கடையில எதுக்கு நிக்கோணும்? பேசறதுன்னா வீட்டுல வந்து பேசறது.

கரண்ட்டைச் சொல்ல மறந்துட்டேன். ரெண்டு மாசத்துக்கு நூறு யூனிட் கவர்மெண்ட்டே ஃப்ரீயாத் தருதுல்ல? அந்த ஃப்ரீ வந்ததுல இருந்து எங்க வீட்டுக்கு ஒரு தாட்டி கூட பில் வந்ததில்லீங்ணா. ஒரு தாட்டி கூட. சாயங்காலமானா மீட்டர்கிட்டப் போயி நின்னு பாப்பேன். தொண்ணூறு தாண்டிட்டா அவ்வளவுதான். டிவி கெடையாது, மிக்சி கெடையாது, அம்மிதான். தொண்ணூத்தாறு ஆச்சுன்னா ஃபேனும் கெடையாது, எல்லாரும் மொட்டை மாடிக்குப் போயிருவோம். ரீடிங் எடுக்கற ஆளு வந்து, என்னக்கா, வீட்டுல ஆள் இருக்கீங்களா இல்லையான்னு சிரிப்பாரு. எனக்குப் பெருமையா இருக்கும். அவரு பாய்லர்கிட்ட எட்டு மணி நேரம் வெந்துட்டு வருவாருல்ல, சட்டையைக் கழட்டறப்பவே, எத்தன யூனிட் ஆச்சு நாகுன்னுதான் கேப்பாரு. எம்பதுக்குக் கீழன்னு சொன்னாத்தான் சுச்சுல கை வெப்பாரு. அவ்வளவு ஒத்தாசை. வேற வீட்டு ஆம்பளைங்க மாதிரி குடி கெடையாது, ஒரு பீடி கெடையாது, எதுத்து ஒரு பேச்சு கெடையாது. அந்த மனுசன் இல்லாம நான் கடனை அடைச்சிருக்க முடியுங்களா?

இதெல்லாம் எழுத வேண்டாந்தான். ஆனா கலெக்டரம்மாவுக்குத் தெரியட்டும்னு சொல்றேன், நாங்க ஒண்ணும் ஊதாரித்தனம் பண்ணிட்டு வந்து நிக்கலைன்னு.

உடம்புக்கு ஏதாவது இருந்துச்சான்னு கேக்கறீங்க. இன்சூரன்ஸ்ல கேப்பாங்களா? சக்கரை இருந்துச்சு, பிரஷர் இருந்துச்சு. ஆறு வருசம் முன்னாடி பட்டறையில கேம்ப் போட்டப்பக் கண்டுபுடிச்சாங்க. டாக்டர் மூணு வேளைக்கு மாத்தரை எழுதினாரு, மாசம் எழுநூறு ரூபா. ஜி.எச்.ல ஃப்ரீயாத் தருவாங்கதான், ஆனா அதுக்கு அரை நாளு லைன்ல நிக்கோணும், அந்த ஓவர்டைம் போயிரும். நான் கணக்குப் போட்டுப் பாத்தேன், ரெண்டும் ஒண்ணுதான். அதனால எழுநூறுக்கு வாங்கி, ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு ஆக்கினேன். மூணு மாசங் கழிச்சு ரத்தம் டெஸ்ட் பண்ணினா நார்மலுன்னு வந்துச்சு. நார்மலான பொறவு எதுக்குங்க மாத்தரை? நிறுத்தியாச்சு. தெனமும் ஒரு கை வெந்தயம் குடுத்தேன், பாவக்காய்ச் சாறு குடுத்தேன். நானாக் கவனிக்கல? மோனிஷாதான் சத்தம் போட்டா, மாத்தரை போட்டதாலதாம்மா நார்மலா இருந்துச்சுன்னு. நர்சு படிக்கோணும்னு கேட்டவ, அதுக்கு நாலு லட்சம் ஆகும்னு பி.காம் சேத்துவிட்டேன். அந்தக் காந்தல் அவளுக்கு. அதை மனசுல வெச்சுட்டுப் பேசறான்னு நெனச்சேன்.

உடம்பைப் பத்தி ஒண்ணும் எழுதாதீங்க. கேட்டாச் சொல்லிக்கலாம்.

ஜனவரி இருபத்திரண்டு. அதை எழுதுங்க. அன்னைக்குத்தான் கடைசிப் பணம் கட்டுனோம். ஒரு லட்சத்துப் பதினாலாயிரம், என்னோட சீட்டுப் பணம், அவரோட போனசு, எல்லாம் போட்டு ஒரே செக். ரெண்டு பேரும் போயிருந்தோம். அவரு கல்யாணத்துக்கு எடுத்த வேட்டியைக் கட்டிட்டு வந்தாரு. எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. பத்திரத்தைக் குடுத்தாங்க. பத்து வருசம் அவங்க பெட்டியில கெடந்த பத்திரம். அவரு அதை வாங்கி மோந்து பாத்தாரு. பழைய தாள் வாசம் வருது நாகுன்னாரு.

அப்ப அங்க இருந்த பையன் இன்சூரன்ஸ் பேப்பரை எடுத்தான். இவன்தான் என்னைய ஏமாத்தினவன். கடன் முடிஞ்சிருச்சு, இந்தப் பாலிசிய இப்பவே சரண்டர் பண்ணினா ஒம்பதாயிரத்து அறுநூறு திரும்ப வரும்னான். இவ்வளவுதான் அவன் சொன்னது. இதை அப்படியே எழுதுங்க.

வேற ஒண்ணும் சொல்லலையான்னு கேக்கறீங்க. என்னமோ சொன்னான். சரண்டர் பண்ணாம இன்னும் பத்து வருசம் வெச்சிருந்தாலும் செல்லும், சாருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா மேடத்துக்குப் பணம் வரும், வெச்சுக்கறது நல்லதுன்னு சொன்னான். ஒரு தாளைக் கூடக் காட்டுனான், வருசா வருசம் எவ்வளவு வரும்னு போட்டு. நான் அப்ப பத்திரத்தைப் பையில வெச்சுட்டு இருந்தேன், காதுலயே விழல. காதுல விழுந்தாத்தான் என்ன, அங்க இருந்த அத்தன பேத்துக்கு முன்னாடி ஒரு பொம்பளைகிட்ட உம்பட புருசன் செத்தா இவ்வளவு வரும்னா கேக்க நல்லாவா இருக்குது? எனக்குக் கோவம் வந்திருச்சு. சரண்டர் பண்ணுங்கன்னேன். அவரு மெதுவா, வெச்சுக்கலாமா நாகுன்னாரு. ஒம்பதாயிரம் சும்மா கெடக்கறதுக்கு பேங்க்ல போட்டா வட்டி வருமுங்கன்னு சொல்லி நானே கையெழுத்துப் போட வெச்சேன்.

இதையெல்லாம் எழுதாதீங்ணா. எழுதினா அப்புறம் அவன் சொன்னது சரியாயிரும்.

வீட்டுக்கு வந்தோம். அடுப்புக்கு மேல ஒட்டியிருந்த தாளைக் கிழிச்சேன். அன்னைக்குச் சாயங்காலம் பாயசம் வெச்சேன், பால் அரை லிட்டர் வாங்கி. அவரு ரெண்டு டம்ளர் குடிச்சாரு. சக்கரை இருக்கற ஆளுன்னு நான் தடுக்கல, பாவம் எத்தன வருசமாச்சு. குடிச்சுட்டு, இனி ஃபேனை நாலுல வெக்கலாமுல்ல நாகுன்னாரு. சிரிச்சுட்டேதான் கேட்டாரு. நான் சொன்னேன், ஏனுங்க, இப்பத்தான் நமக்குக் கை பழகியிருக்குது. கடன் கட்டிட்டு இருந்த பதினாறாயிரத்தை இதே மாதிரி இன்னும் மூணு வருசம் எடுத்து வெச்சமுன்னா, மோனிஷா கல்யாணத்துக்கு ஒருத்தர்கிட்டயும் கை நீட்ட வேண்டியதில்ல. இப்ப விட்டுட்டா அப்புறம் புடிக்க முடியாது. சரியா சொன்னனுங்களா இல்லையா?

அவரு சரின்னாரு. தலையாட்டினாரு. அப்புறம் ஒரு புது நோட்டு எடுத்து மேல அவ பேரை எழுதி வெச்சேன். அவரு அதைப் பாத்துட்டு, நான் மாடிக்குப் போயிப் படுத்துக்கறேன், யூனிட் மிச்சமாகும்னு சொல்லிட்டுப் பாயை எடுத்துட்டுப் போனாரு.

மோனிஷா? அவ கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில பில் போடற வேலையில இருக்கறா. ஹாஸ்டல். இப்ப எங்கூடப் பேசறதில்ல. காரியம் முடிஞ்ச அன்னைக்கு ஒரம்பரை எல்லாம் கெளம்பின பொறவு அவ எந்திரிச்சா. மூஞ்சிய அலம்பினா. மொதல்ல ஹால் ஃபேனைப் போட்டா, அப்புறம் ரெண்டு ரூம்லயும் போட்டா. லைட்டு எல்லாத்தையும் போட்டா, பாத்ரூம் லைட்டு, வாசல் லைட்டு, மாடி லைட்டு. பட்டப் பகல்ல. நான் போயி அணைச்சேன். திரும்பப் போட்டா. நான் அணைக்க அணைக்க அவ போட்டுட்டே இருக்கறா. கடைசியில நான் சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டேன். அவரு போட்டோவுக்கு நேரா ஃபேன் அஞ்சுல சுத்துது, மாலையெல்லாம் ஆடுது. அப்படியே போட்டுவிட்டுட்டுத் துணியை எடுத்துட்டுப் போயிட்டா. அந்தத் தாட்டிதான் எங்க வீட்டுக்கு மொத மொதல்ல பில் வந்துச்சு. அவ மேல எனக்கு வருத்தமில்லீங்க. ஆனா அந்த வீடு யாருக்குங்ணா? எம்பட தலைக்கு அப்புறம் அவளுக்குத்தான? நான் என்ன எனக்கா கட்டுனேன்? அது ஏன் அவளுக்குப் புரிய மாட்டேங்குது?

அழுகலீங்க. வெயிலு கண்ணுல அடிக்குது.

அந்தக் குப்புராஜுதான், அக்கா, கடன்ல இன்சூரன்ஸ் இருக்குமே போயிக் கேளுங்கன்னான். போனேன். அதே பையன். கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்துட்டு, பாலிசி இல்லைங்கம்மான்னான். இருந்திருந்தா எவ்வளவுன்னு கேட்டேன். சொல்ல மாட்டேன்னான். வற்புறுத்துன பொறவு திரையைத் திருப்பிக் காட்டுனான். எட்டு லட்சத்து எண்பத்தெட்டாயிரம். ரவைக்குத் தூங்கறப்ப அந்த நம்பர் தெரியுதுங்ணா. பத்து வருசம் நாங்க வயித்தைக் கட்டி வாயைக் கட்டிச் சேத்ததுக்கும் மேல அது. ஒண்ணுமே பண்ணாம, கடனை அது பாட்டுக்கு விட்டிருந்தா, எல்லாம் அவங்களே கட்டியிருப்பாங்க. அந்தப் பாலு, பருப்பு, அவரு டீ, அவ படிப்பு, எல்லாம் வீணுங்களா? அதைக் குடுத்துட்டாங்கன்னா வீணில்லைன்னு ஆயிரும். அதுக்குத்தான் நான் அலையறேன். பணத்தாசைன்னு நெனச்சுப்போடாதீங்க.

என்ன கேட்டீங்க? இறந்த நாள், நேரம், இடம். மூணும் கட்டாயம் போடோணுங்களா? மார்ச் நாலு. காலையில எட்டே முக்கால். எடம்... எடம் ஜி.எச்.னு சர்ட்டிபிகேட்டுல போட்டிருக்குது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டாறப்பவே உசிரு இல்லைன்னும் போட்டிருக்குது. அப்ப எடம் என்னன்னு எழுதறது? வழியிலன்னு எழுதுங்க.

எப்படிக் கூட்டிட்டுப் போனீங்கன்னு கேக்கறீங்க. அதையும் எழுதோணுமா?

நைட் ஷிப்ட் முடிஞ்சு ஆறரைக்கு வந்தாரு. வாசப்படியிலயே உக்காந்துட்டாரு. நெஞ்சுல கல்லை வெச்ச மாதிரி இருக்குது, கேஸா இருக்கும்னாரு. ஓமம் காய்ச்சிக் குடுத்தேன். பாதி குடிச்சாரு. சட்டையெல்லாம் நனைஞ்சிருச்சு, ஆனா பாய்லர்ல இருந்து வர்ற ஆளு, அப்படித்தான வருவாரு? ஏழரைக்கு எடது கை கடுக்குதுன்னாரு. நான்தான் ஆஸ்பத்திரிக்குப் போலாம்னேன். நான்தான் சொன்னேன், அதை எழுதுங்க. நூத்தியெட்டைக் கூப்புடட்டுமான்னு கூடக் கேட்டேன். தெருவே வந்து நிக்கும், ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குன்னாரு. அவரே எந்திரிச்சு நடந்தாரு. பஸ் ஸ்டாப் அரை கிலோமீட்டர். நடுவுல ரெண்டு தாட்டி நின்னாரு.

ஸ்டாப்புல நிக்கறப்ப ஒரு ஆட்டோ வந்துச்சு. எங்க ஏரியாப் பையன்தான். அவரைப் பாத்துட்டு அவனாவே நிறுத்துனான். என்னண்ணா ஒரு மாதிரி இருக்கறீங்க, ஏறுங்க, பத்து நிமிசத்துல கொண்டுபோயி விட்டர்றேன்னான். எவ்வளவுன்னு நான் கேட்டேன். கேக்கறது பழக்கம். முந்நூறு குடுங்கக்கான்னான். அவ்வளவுதான் நடந்துச்சு. நான் வேண்டாம்னு சொல்லலீங்க. ஒரு வார்த்தை சொல்லல. சாமி சத்தியமாச் சொல்றேன், நான் வாயே திறக்கல.

அவரு எம்பட மூஞ்சியப் பாத்தாரு. பாத்துட்டு, வேண்டாம் தம்பி, பஸ்ஸுலயே போய்க்கறோம்னாரு.

அவரேதான் சொன்னாரு. அந்தப் பையன் வண்டியை எடுக்கவே இல்ல, நீங்களாவது சொல்லுங்கக்கான்னான். அதுக்குள்ள அக்கட்டால பஸ்ஸு வர்றது தெரிஞ்சுருச்சு. ஏறிட்டோம். அவருக்கு உக்கார எடங் குடுத்தாங்க. நான் கம்பியைப் புடிச்சுட்டு நின்னேன். நாலாவது ஸ்டாப்புல தலை ஜன்னல்ல சாஞ்சுது. தூங்கறாருன்னு நெனச்சேன். நைட் ஷிப்ட் பாத்த மனுசன், தூங்கட்டும்னு எழுப்பாம விட்டுட்டேன். ஜி.எச். ஸ்டாப்புல எறங்கச் சொல்லித் தோளைத் தொட்டப்பத்தான்.

கடன் அடைஞ்சு நாப்பத்தியோரு நாளு ஆயிருந்துச்சுங்ணா. ஒருத்தருக்கும் ஒரு பைசா கட்ட வேண்டியதில்ல. பையில ரெண்டாயிரம் வெச்சிருந்தேன், ஆஸ்பத்திரிச் செலவுக்குன்னு. எம்பட மூஞ்சியில அவரு என்னத்தைப் பாத்தாருன்னு எனக்குத் தெரியும். நான் கணக்குப் போட்டுட்டு இருந்தேன். ஆட்டோன்னா முந்நூறு. டவுன் பஸ்ஸுன்னா பொம்பளைக்கு ஃப்ரீ, அவருக்கு மட்டும் எட்டு. அது மனசுல தானா ஓடுச்சு. நிறுத்தோணும்னு எனக்குத் தோணவே இல்ல. பத்து வருசமா அந்த மூஞ்சியப் பாத்துப் பாத்துத்தான அவரு ஒவ்வொண்ணையும் வேண்டாம்னாரு.

அதை எழுதறீங்களா? வேண்டாங்ணா, அடிங்க அதை. அடிச்சுப்போடுங்க. அதை எழுதினா ஒருத்தனும் குடுக்க மாட்டான். சிகிச்சைக்குக் கொண்டுபோற வழியில இறந்துட்டாருன்னு மட்டும் எழுதுங்க. அப்புறம் அந்த எட்டு லட்சத்து எண்பத்தெட்டாயிரத்தை நம்பர்ல ஒருக்கா, எழுத்துல ஒருக்கா எழுதுங்க.